பொழுதுபட முந்தி

பேராதனைப் பூந்தோட்டத்தில் வௌவால்கள் தொங்கும் மரங்கள் சில இருக்கின்றன. பகல் முழுக்கக் காய்ந்த சருகுகள் மாதிரி அசையாமல் தொங்குபவை, வெயில் சாயத் தொடங்கியதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்துவிடுவாள். பேசிக்கொண்டிருந்த கதை பாதியில் நிற்கும். கையிலிருக்கும் கச்சான் கடலையை என் மடியில் கொட்டிவிட்டுச் செருப்பை மாட்டுவாள்.

"இன்னும் வெளிச்சம் இருக்குதானே, கொஞ்ச நேரம் இருடி" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன்.

"இல்லையடி, இஞ்ச பொழுது கெதியாப் பட்டிடும். உங்கட மலையள் சூரியனை விழுங்கிப்போடும்" என்பாள்.

அவள் நேரத்தைப் போனில் பார்த்து நான் கண்டதில்லை. வானத்தைத்தான் பார்ப்பாள். அவளுடைய ஊர் யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். அங்கே வானம் தரைவரைக்கும் இறங்கும், சூரியன் கடலில் விழுகிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியும் என்பாள். கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. மேலே வானம் வெளுப்பாக இருக்கும்போதே கீழே பள்ளத்தில் இருட்டு நிறைந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் ஒருநாள் ஹந்தானை மலையைக் காட்டி, "உது ஒரு பெரிய மதில் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. நான் மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். மலையைப் பார்த்து யாராவது மதில் என்பார்களா?

முதல் வருடத்து ஆங்கில வகுப்பில் எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பொழுதுபோக்கைச் சொல்ல வேண்டியிருந்தது. வாசிப்பு, பாட்டுக் கேட்பது, தோட்டம் வளர்ப்பது என்று ஒரே பதிலைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவள் முறை வந்தபோது எழுந்து நின்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு தமிழிலேயே, "எனக்குப் பொழுது போறேல்லை மிஸ். படுறது மட்டும்தான்" என்றாள். விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியும். அவரே முதலில் சிரித்தார். வகுப்பு அடங்க நேரம் பிடித்தது. அன்று மாலையே அவளுக்கு 'பொழுது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் பொழுது" என்று யாராவது மாடிப்படியிலிருந்து கூப்பிட்டால், "வந்திட்டன்" என்று சிரித்துக்கொண்டே போவாள். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் கோபித்ததில்லை.

எங்கள் விடுதி அறையில் மூன்று பேர். நான், அவள், திகனயிலிருந்து வந்த ஒருத்தி. திகனக்காரியின் வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அறைக்கு வந்த முதல்நாளே எங்கள் இருவருடைய கட்டில் விரிப்புகளைத் தடவிப் பார்த்து, "இது ரெண்டு தரம் கழுவினா போயிரும்" என்று திகனக்காரி சொன்னாள்.

தினமும் பொழுதுபடுகிற நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவளுக்கு வீடியோ கோல் வரும். அவளுடைய அம்மா. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். அம்மா முதலில் மகளுடைய முகத்தைப் பார்ப்பார். சாப்பிட்டாயா, மழையில் நனைந்தாயா என்று கேட்பார். பிறகு, "சுவரைக் காட்டு" என்பார்.

அவள் போனைத் திருப்பிப் பிடிப்பாள். இளம்பச்சை பூசிய சுவர். நடுவில் ஒரு ஆணியில் சின்னப் பிள்ளையார் படம். அந்தப் படம் அம்மா கொடுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவின் குரல் இளகும். "சரி பிள்ளை, கதவைப் பூட்டிப்போட்டுப் படி."

சுவரைக் காட்டிவிட்டு வெளியே போகலாமே என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆனால் படுக்கப் போகிற வரைக்கும் எந்த நேரமும் இன்னொரு கோல் வரலாம். சில நாள் வரும், பல நாள் வராது. வருமா வராதா என்று தெரியாததுதான் அவளை அந்த அறையோடு கட்டிப்போட்டது. கீழே மண்டபத்தில் பாட்டுப் போட்டி நடக்கும். நாங்கள் போய்க் கத்திவிட்டுத் தொண்டை கட்டித் திரும்பி வருவோம். அவள் கட்டிலில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பாள், போனை எதிரில் வைத்துக்கொண்டு. "ஆர் வெண்டது? கடைசியாப் பாடினது ஆர்? இஞ்ச வரைக்கும் கேட்டது" என்பாள்.

சும்மா இருக்கவும் சுற்றித் திரியவும் எங்கள் எல்லோருக்குமே ஏதோ ஒரு தடை இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். அந்த ஒருநாள் எனக்குக் கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் தூங்குவேன். திகனக்காரியை வெள்ளி மாலை கூட்டிப்போக, நானா என்று அவள் கூப்பிடும் அண்ணன் வந்துவிடுவார், திங்கள் காலையில்தான் கொண்டுவந்து விடுவார். ஆனால் நாங்கள் அலுத்துக்கொள்வோம், சண்டை பிடிப்போம், களவாக ஒருநாள் தப்பியும் போவோம். தப்பிப் போன நாளில் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். அவளுக்கு அது வரவில்லை. கண்டி வாவியைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போனால் மத்தியானம் வரைக்கும் எங்களைவிட அவள்தான் சத்தமாகச் சிரிப்பாள். எல்லோரையும் கேலி செய்வாள். வெயில் கொஞ்சம் மஞ்சளானதும் பேச்சுக் குறையும். ஐஸ்கிறீம் கையில் உருகும். அவள் அதைப் பார்க்காமல் மலை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கே கூப்பிட்டாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"பொழுதுபட முந்தி வந்திடலாமோ?"

அவளுக்குக் கரப்பந்து ஆட வரும் என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் அறிந்தோம். ஒரு பின்னேரம் விரிவுரை முடிந்து மைதானத்தை ஒட்டிய பாதையால் வந்துகொண்டிருந்தோம். பெண்கள் அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. பந்து உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள். தோளில் பை தொங்கியபடியே பந்தை மேலே எறிந்து அடித்தாள். அது வலைக்கு மேலாகப் போய் எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்குள் பொத்தென்று விழுந்தது. அங்கே நின்றவர்கள் நகரக்கூட இல்லை.

அணித்தலைவி ஒரு சிங்களப் பெண். ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கே வா என்றாள். பயிற்சி தினமும் மாலையில்தான். இவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தட்டித் தடவிக் கேட்டாள், காலையில் வைக்க முடியாதா என்று. அந்தப் பெண் சிரித்துவிட்டு, காலையில் யார் வருவார்கள் என்றாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் விடியற்காலையில் அவள் ஒரு பழைய பந்தோடு விளையாட்டு மண்டபத்துச் சுவருக்குப் போவாள். பனி விலகியிருக்காது. நானும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடப் போய்ப் படியில் உட்காருவேன். சுவரில் அடிப்பாள், திரும்பி வருவதை எடுப்பாள், மறுபடி அடிப்பாள். நெற்றியில் மயிர் ஒட்டும். அந்த நேரத்தில் மட்டும் அவள் வானத்தைப் பார்க்க மாட்டாள்.

"எங்கடி பழகின?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில" என்றாள். மேலே கேட்பதற்குள் பந்து சுவரில் விழுந்தது.

துணி யோசனை திகனக்காரியுடையது. ஒருநாள் வாப்பாவின் கடையிலிருந்து ஒரு பொதியைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். எங்கள் சுவரின் அதே இளம்பச்சை. சுவரோடு சேர்த்துப் பிடித்தபோது எது துணி எது சுவர் என்று தெரியவில்லை.

"இதப் பின்னுக்குக் கட்டிட்டு, பிள்ளையார் படத்தயும் குத்திட்டா, நீ எங்க இருந்தாலும் ரூம்லதான் ஈக்கிறாய்" என்றாள்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு துணியின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து விரித்தாள். "பாவமெல்லோ" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் திகன வீட்டுக்குப் போனபோது முதல்முறையாக அந்தத் துணியைக் கட்டினோம். பின்னறையில் இருந்த பெரிய அலுமாரியின் மேல் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். பிள்ளையார் படத்தைக் குண்டூசியால் குத்தினோம். அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அவளை உட்கார வைத்தோம். கதவடியில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கோல் வந்தது. "ரூமிலதான் அம்மா" என்றாள். சுவரைக் காட்டினாள். அம்மா நம்பிவிட்டார். போனை வைத்ததும் வீடே சிரித்தது.

அவளும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு வைத்த சாப்பாட்டை அவள் அளைந்துகொண்டே இருந்தாள். திகனக்காரியின் உம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் மகள் சாப்பிடல்ல? நல்லா இல்லையா?"

"இல்லை, நல்லா இருக்கு."

"உம்மாட நெனவா?"

அவள் தலையாட்டினாள். உம்மா இனிப்பு வட்டிலப்பத்தை அவள் தட்டில் வைத்து, தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். இரவு திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம், "வராமலே இருந்திருக்கலாம். ரூமில இருந்தா வரேல்லையே எண்டு கவலை. வந்தா வந்திட்டனே எண்டு கவலை" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. வேலியை நாங்கள் பிரித்துக் கொடுத்தாயிற்று, இனி சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

இரண்டாம் வருட முடிவில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்ந்து வந்ததால் விடுதியே காலியாக இருந்தது. இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. லயத்து வாசலில் அவளுக்கு எல்லாமே புதினம். தேரிழுக்கும் ஆட்களோடு கயிற்றைப் பிடித்தாள். தப்பு மேளச் சத்தத்துக்குத் திகனக்காரியும் அவளும் ஓரமாக நின்று ஆடினார்கள். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளயவா ரூம விட்டு வெளிய வராதுன்னு சொன்ன?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே தேயிலை மலையில் ஓரிடத்தில் மட்டும் கிடைக்கும். வெயில் இறங்கத் தொடங்கியதும் துணியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு மூவரும் ஏறினோம். இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டினோம். காற்று வீசியது. திகனக்காரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டோம். சுற்றிலும் மலைச்சரிவு, நடுவில் ஒரு துண்டுச் சுவர், அதற்கு முன்னால் ஒரு கல்லின் மேல் அவள்.

கோல் வந்தது.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"ரூமிலதான் அம்மா."

மறுபக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று அவள் போனை உயர்த்திப் பிடித்தாள்.

"சுவரைக் காட்டு" என்றார் அம்மா.

காட்டினாள்.

"பிள்ளையார்?"

அதையும் காட்டினாள். பிறகு போனில் அம்மாவின் முகம் விலகியது. படம் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது. துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்கும் அது தெரிந்தது. எங்கள் அறை. எங்கள் மூன்று கட்டில்கள். என் மேசையில் நான் விட்டுவந்த தேநீர்க் கோப்பை. இளம்பச்சைச் சுவரில் பிள்ளையார் இருந்த இடத்தில் வெறும் ஆணி.

"அப்ப நான் எங்க பிள்ளை நிக்கிறன்?" என்று அம்மா கேட்டார்.

அதட்டலாக இல்லை. உண்மையாகவே வழி தவறிய ஒருவர் கேட்பது போலத்தான் இருந்தது.

ஊரிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வாகனத்தில் இடம் இருந்திருக்கிறது. மகளுக்குத் தெரியாமல் வந்து நிற்கலாம் என்று அம்மா பலகாரங்களைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். மத்தியானம் வந்து சேர்ந்தவரைத் தூரத்து ஆள் என்று பாவம் பார்த்து மேட்ரன் எங்கள் அறையைத் திறந்து உட்கார வைத்திருக்கிறார். மகள் கடைக்குப் போயிருப்பாள் என்று அம்மா காத்திருந்திருக்கிறார்.

திகனக்காரி துணியை விட்டுவிட்டாள். அது மரத்தில் ஒரு முனை தொங்க, தேயிலைச் செடிகளின் மேல் விழுந்து கிடந்தது. அவள் கல்லிலிருந்து எழவில்லை. "என்னைக் கீழ கொண்டுபோய் விடுங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் அவளை லயத்துக்கு இறக்கியதும் அப்பா ஓடிப்போய் என் மாமாவின் ஆட்டோவைக் கூட்டிவந்தார். "பயப்படாத புள்ள, ஒண்ணும் ஆவாது" என்று அவள் தலைக்கு மேலாக யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கும் பாதை முழுக்க வளைவுதான். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

விடுதியின் முன்மண்டபத்தில் ஒரு கதிரையில் அம்மா உட்கார்ந்திருந்தார். போனில் நான் பார்த்ததைவிடச் சின்ன உருவம். அவளைக் கண்டதும் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவளுடைய நெற்றியைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார், இரண்டு தோள்களையும் கைகளையும் விரல்வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டனியோ?" என்றார்.

அம்மா ஊருக்குத் திரும்பவில்லை.

பெனிதெனியப் பக்கம் ஒரு வீட்டின் பின்பகுதியில் ஓர் அறையும் சின்ன அடுப்படியும் கிடைத்தன. அவள் விடுதியை விட்டு அங்கே போய்விட்டாள். வீடியோ கோல் நின்றுபோனது. அதற்குப் பதிலாகப் பின்னேரங்களில் கலஹா சந்தியில் அம்மா நிற்பார், கையில் குடையோடு. அவள் எங்களோடு சிரித்துக்கொண்டு வருவாள். குடையைக் கண்டதும் நடை வேகமாகும். "நாளைக்குக் காண்பம்" என்று பாதையைக் கடந்துவிடுவாள். பட்டம் வாங்கும்வரை அப்படித்தான் இருந்தாள். இப்போது வடக்கில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அம்மா கூடவே இருக்கிறார். எப்போதாவது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எடுப்பாள், எல்லாம் பேசுவாள், பழைய மாதிரியே கேலி செய்வாள்.

அந்தப் பெனிதெனிய வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது அம்மா என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்துப் புட்டும் சம்பலும் தந்தார். நல்ல கைப்பக்குவம். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் அவளைக் கட்டி வைச்சிருக்கிறன் எண்டு உங்களுக்குக் கோவமாக்கும், என்ன பிள்ளை?" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லைங்கம்மா."

"இவளுக்கு ஒரு அண்ணன் இருந்தவன். சொன்னவளோ?"

நான் இல்லை என்றேன். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இவள் அப்ப பாலர் வகுப்பு. அவனுக்கு மீசை அரும்பினதும் அரும்பாததும். பின்னேரம் பந்தடிக்கப் போறன் எண்டான். அந்தச் சண்டைக் காலத்தில பொடியளை வெளியில விட எல்லாருக்கும் பயம். நான் விடேல்லை. 'பொழுதுபட முந்தி வந்திடுவன் அம்மா, நாள் முழுக்க வீட்டுக்க இருக்க விசர் பிடிக்குது' எண்டு கெஞ்சினான். பாவமா இருந்தது, போட்டு வா எண்டன்." அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். "சைக்கிளைக் கண்டனாங்கள். ஆளைக் காணேல்லை. இண்டைக்கு வரைக்கும் இல்லை."

நான் நிமிர்ந்தபோது அவள் அடுப்படி வாசலில் நின்றாள், ஈரக் கையோடு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்குள்ளே சுவரில் அடித்த அந்தப் பந்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அதை அவளே சொன்னாள். கடைசி வருடத்தில் பீடங்களுக்கிடையிலான போட்டி வந்தபோது அணித்தலைவி மறுபடி அவளைத் தேடி வந்தாள். அன்றிரவு அவள் அம்மாவிடம், தனக்குப் பந்தடிக்கத் தெரியும், பள்ளிக்கூடத்து இடைவேளைகளில் பழகியது, ஒருமுறை முறையாக விளையாட ஆசை என்று சொல்லியிருக்கிறாள். அம்மா மறுநாள் முழுக்கப் பேசவில்லையாம். அதற்கு மறுநாள் காலையில் தேநீரை நீட்டிக்கொண்டே, "போ. நானும் வாறன்" என்றாராம்.

அப்படித்தான் போட்டியன்று பின்னேரம் அம்மா மைதானத்துக்கு வந்தார். யாரோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து கோட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன்.

அவளால் விளையாட முடியவில்லை. பந்து வரும்போது அவள் கண் அம்மாவிடம் போனது. கையில் பட்டது வெளியே போனது, கைக்கு வந்தது நழுவியது. சேர்விஸ் வலையில் விழுந்தது. அணித்தலைவி அவள் தோளில் கை போட்டு, "மொகத உனே நங்கி?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று தங்கச்சி என்று அவள் மெல்லக் கேட்டது எங்களுக்கும் கேட்டது. அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு மறுபடி போய் நின்றாள். மறுபடியும் தவறவிட்டாள்.

அம்மா எழுந்தார். வீட்டுக்குப் போகப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் போகவில்லை. கதிரையைத் தூக்கி அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஹந்தானை மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் ஒரு கணம் நின்றது. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்தாள். பிறகு பந்தை மேலே எறிந்து அடித்தாள்.

அந்த அடிக்குப் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. வலைக்கு மேலே எழும்பினாள், விழுந்து புரண்டு எடுத்தாள், மற்றவர்களைச் சத்தம் போட்டு ஏவினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மைதானத்தைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பந்து பொத்தென்று விழும்போதெல்லாம் அம்மா திரும்பாமலே என்னைக் கேட்டார்.

"இப்ப அடிச்சது ஆர்?"

"அவதாங்கம்மா."

"இது?"

"இதும் அவதான்."

"விழுந்திட்டாளோ? ஒரு சத்தம் கேட்டது."

"விழுந்து எழும்பிட்டா. சிரிக்கிறா."

வெயில் மஞ்சளாகி, சிவந்து, மலைக்குப் பின்னால் இறங்கியது. பாதையில் பஸ்களின் விளக்குகள் எரியத் தொடங்கின. அவள் ஒரு தடவைகூட வானத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். சுற்றி நின்றவர்களும் கத்தினார்கள். இன்னும் சில புள்ளிகள்தான், ஆட்டம் எங்கள் பக்கம் வந்துவிடும்.

திடீரென்று அவள் பந்தை அணித்தலைவியின் கையில் கொடுத்தாள். ஏதோ சொன்னாள். கோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தாள். முழங்கால் முழுக்க மண். முகம் வியர்வையில் பளபளத்தது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்கோ அம்மா, போவம்."

"ஏன் பிள்ளை, விளையாட்டு முடிஞ்சுதோ?"

"ஓம் அம்மா. முடிஞ்சுது."

அவளுடைய இடத்தில் வேறொருத்தி இறங்கியிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் பந்து விழும் சத்தம் நன்றாகவே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சந்திப் பக்கமாக நடந்தார்.

மறுநாள் கன்டீனில் அவளைப் பிடித்துவைத்துக் கேட்டேன். அம்மாதான் கதிரையைத் திருப்பிவிட்டாரே, ஒன்றுமே சொல்லவில்லையே, வெல்கிற நேரத்தில் ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவள் தேநீரை ஊதிக் குடித்தாள். முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

"பொழுதுபடேக்க அம்மான்ர முதுகு நடுங்கத் தொடங்கினது. நான் அங்க நிண்டே கண்டனான்" என்றாள். "நீ பக்கத்திலதானே இருந்தனி. உனக்குத் தெரியேல்லையோ?"